பேச்சியம்மாள்2

ஜூலை 28

மேடம், மன்னிக்கணும். நிரல் எழுதத் தந்த இடத்தில் கதை எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு லேப் முடிந்ததும் என்ன செய்தோம், எங்கே மாட்டிக்கொண்டோம் என்று தளத்தின் குறிப்புப் பகுதியில் தேதி போட்டு எழுதச் சொன்னீர்கள். எந்த மொழியிலும் எழுதலாம், ஆசிரியரைத் தவிர யாரும் பார்க்க முடியாது என்றீர்கள். அதனால் எழுதுகிறேன். எனக்கு ஆங்கிலத்தில் யோசிக்க வராது. வகுப்பில் எழுந்து நின்று கேட்கவும் வராது. பெயர் மட்டும்தான் பேச்சியம்மாள்.

இன்று செய்தது ஒன்றும் இல்லை. உள்ளேயே போக முடியவில்லை.

பி.எஸ்சி. கணிதம் முடித்து எம்.சி.ஏ.வுக்கு வந்தவர்களுக்காகப் பல்கலைக்கழகம் எல்லாக் கல்லூரிகளுக்கும் சேர்த்து நடத்தும் பாடம் இது என்றும், எல்லோருக்கும் கணக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். முதலில் பெயர், ஒரு புள்ளி, பிறகு கடைசிப் பெயர். எங்களுக்குக் கடைசிப் பெயர் ஏது? இனிஷியல்தான். ஒற்றை எழுத்தைத் தளம் எடுத்துக்கொள்ளாதாம். அதனால் எல்லோருக்கும் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருக்கிறார்கள். எங்கள் அப்பா பெயர் பலவேசம். பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால்தான் ஒருத்தரை அவர் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம். அதை எல்லார் முன்னாலும் எழுத்துக்கூட்டி அடிக்கக் கூச்சமாக இருந்தது. பின்வரிசைப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்து, "பல வேஷமா? மொத்தம் எத்தன வேஷம்?" என்றான்.

பாஸ்வேர்ட் தப்பு, தப்பு என்றே வந்தது. லேப் அருள்ராஜ் சார் தன் கணினியில் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒனக்கு முன்னாடியே நீ உள்ள போயிட்டியே" என்றார். லேப் முழுக்கச் சிரித்தது. அவர் புது பாஸ்வேர்ட் போட்டுத் தருவதற்குள் மணி அடித்துவிட்டது.


ஜூலை 30

உள்ளே போய்விட்டேன். "வணக்கம், பேச்சியம்மாள்" என்று பெரிய எழுத்தில் வந்தது. இடது பக்கம் கேள்வி. நடுவில் எழுதும் இடம். வலது பக்கம் கறுப்புப் பெட்டி, அதில் விடை வரும். எழுதும் இடத்தில் ஏற்கெனவே நான்கு வரிகள் இருந்தன. பழகுவதற்கு நீங்கள் வைத்த மாதிரி என்று நினைத்தேன். மூன்றாவது வரி ஓர் இடைவெளி உள்ளே தள்ளி நின்றது. பைத்தானில் எந்த வரி எதற்குச் சொந்தம் என்பதை இடைவெளியை வைத்துத்தான் கணினி கண்டுபிடிக்கும் என்று சொல்லியிருந்தீர்கள். அந்த வரியை இழுத்து நேராக்கி ரன் கொடுத்தேன். கறுப்புப் பெட்டியில் வணக்கம் என்று வந்தது.

நான் சொல்லி ஒன்று நடந்தது. வீட்டில் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். "அது பதிலுக்கு வணக்கம் வச்சிச்சா? இந்தக் காலத்துல மனுசனே வைக்க மாட்டான்" என்றாள்.


ஆகஸ்ட் 1

# குறியைப் பற்றி இன்று படித்தேன். அது முன்னால் இருக்கும் வரியைக் கணினி படிக்காமல் தாண்டிப் போய்விடும். மனிதர்கள் மனிதர்களுக்கு எழுதிக்கொள்ளும் வரி அது.

திறந்தபோது என் கோப்பின் முதல் வரியாக இது இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள்.

# யாருட்டி அது? என் வீட்டுக்குள்ள பூந்து சாமானெல்லாம் இடம் மாத்தி வச்சது?

பயந்துவிட்டேன். அடியில் எழுதினேன்: # மன்னிக்கணும். இது என் கணக்கு. நான் பேச்சியம்மாள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரியில் எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது. # நானும்தான்.

அவள் தூத்துக்குடியில் ஒரு கல்லூரி. நான் கோவில்பட்டி. இரண்டு பேர் பெயரும் அப்பா பெயரும் ஒன்றாக இருந்ததால் தளம் இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. எனக்காக அருள்ராஜ் சார் பாஸ்வேர்டை மாற்றியதில் அவள் வெளியே மாட்டிக்கொண்டு, திரும்ப மாற்றியிருக்கிறாள்; அடுத்த தடவை நான் மாட்டக் கூடாதென்று அவளே புது பாஸ்வேர்டை அந்தக் கோப்பிலேயே எனக்குச் சொன்னாள். "ரெண்டு பேரும் இருந்துக்கலாம், வீடு பெருசுதான்" என்று எழுதினாள்.

எங்கள் பக்கம் பலவேசக்காரன் சாமியைக் கும்பிடுகிறவர்கள் நிறைய. பேச்சியும் அதே கோயிலில்தான் இருக்கிறாள். பெயர் ஒன்றாக இருப்பதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. அப்பா பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் 'எல்' போதும். எங்கள் இருவருக்கும் இரண்டு 'எல்' இருக்கிறது. "எங்கப்பா லைசென்ஸ்ல எவனோ தப்பா அடிச்சிட்டான். அவிய அதையே பாத்து எல்லாத்துலயும் எழுதிட்டாவ" என்றாள்.

எங்கள் வீட்டிலும் லைசென்ஸில்தான் அப்படி இருக்கிறது. ஒரே அலுவலகத்தில் ஒரே ஆள் அடித்திருப்பார்.


ஆகஸ்ட் 4

கணக்கு பிரிந்துவிட்டது. முதலில் உள்ளே வந்தவருக்கு வெறும் பெயர். எனக்குப் பெயரோடு 2.

இணைந்து செய்யும் திட்டப்பணிக்குக் கடைசிப் பெயர் வரிசையில் அடுத்தடுத்து இருப்பவர்களைத் தளமே ஜோடி சேர்த்திருக்கிறது. எனக்கு அவள்தான் வந்திருக்கிறாள். இனி எங்களுக்கு ஒரு பொதுக் கோப்பு. அவள் கோப்புக்குள் இருந்தால் பச்சைக் கோடு ஒன்று மினுக்கும். என்னுடையது ஊதா.


ஆகஸ்ட் 8

திட்டப்பணி முதல் பகுதி: இரண்டு பெயர்ப் பட்டியல்களை ஒப்பிட்டு, இரண்டிலும் இருக்கும் பெயர்களை எடுக்க வேண்டும். தளத்திலேயே குரல் அழைப்பு இருக்கிறது. பேசிக்கொண்டே எழுதலாம் என்று அவள்தான் கூப்பிட்டாள்.

"ஏட்டி, சத்தமே காணும். மைக்க அமுத்தி வச்சிருக்கியா, வாயவா?"

"இருக்கேன்."

"பேச்சின்னு பேர வச்சிக்கிட்டு இப்படி இருக்க. ஒன்னய வீட்ல எப்படிக் கூப்பிடுவாவ?"

"அம்மாளு."

"எனக்குப் பாப்பா. எங்கம்மைக்கு என் பேரு வாயில வராது. மாமியா பேருல்லா. சொன்னா நாக்கு அழுகிப் போயிரும்னு நெனப்பு. ஒங்கம்மா என்ன செய்தாவ?"

"ஆபீஸுக்குப் போறாக."

"அடேங்கப்பா! எந்த ஆபீஸு?"

"தீப்பெட்டி ஆபீஸ்."

அவள் சிரித்த சிரிப்பில் என் ஹெட்போன் அதிர்ந்தது. "அதுக்குப் பேரு ஆபீஸா? அப்ப உப்பளத்துக்குப் போற எங்கம்மை கலெக்டர்ட்டி."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பேச்சில் 'செய்தாவ, சொல்லுதாவ' என்று வரும். எங்கள் ஊரில் 'செய்றாக, சொல்றாக' என்போம். அப்பாவும் எங்களைப் போலத்தான் பேசுவார். தூக்கத்தில் உளறினால் மட்டும் 'சொல்லுதாவ' வரும்.

அவளும் முதல் பட்டதாரி. வீட்டுக்கு ஒருவருக்குத்தான் அந்தச் சான்றிதழ் தருவார்கள். "அதுக்கு எங்கப்பா லாரிய ரோட்டோரம் நிறுத்திட்டு தாலுகாபீஸ்ல தவம் கெடந்தாவ" என்றாள். எனக்கு அம்மாதான் லீவு போட்டு வாங்கித் தந்தாள். அப்பா அந்தச் சமயம் லாரியோடு வெளியூர் லைனில் இருந்தார்.

ஆம், அவள் அப்பாவும் லாரி ஓட்டுகிறார். மாவட்டத்தில் எத்தனையோ பேர் லாரி ஓட்டுகிறார்கள்.

"நீ எப்பப் பொறந்த?"

"ஆவணி கடைசி."

"நான் பங்குனி. வருசம் ஒன்னுதான? அப்ப நான் அக்கா. எங்க, அக்கான்னு கூப்பிடு பாப்போம்."

எனக்கு வரவில்லை. அவளே, "சரி, கடனா இருக்கட்டு" என்றாள்.


ஆகஸ்ட் 11

லேப் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். முந்தைய குறிப்புகளுக்குப் பக்கத்தில் கண் படம் மூடியே இருக்கிறது. நீங்கள் திறந்தால் அது திறக்கும் என்று உதவிப் பக்கத்தில் போட்டிருக்கிறது. அறுபது பேர் எழுதுவதை நீங்கள் எப்போது படிப்பீர்கள்? பரவாயில்லை.

அப்பா வந்திருந்தார். வந்தால் நாலைந்து நாள் இருப்பார். அம்மா அயிலை மீன் குழம்பு வைத்தாள். நான் லேப்டாப்பைத் தரையில் வைத்து அவருக்குக் காட்டினேன். கறுப்புப் பெட்டியில் "வணக்கம் அப்பா" என்று வரவைத்தேன். அவருக்குச் சந்தோஷம். "லாரிக்கு இந்த மாதிரி ஒன்னு எழுதித் தா தாயி. முன்னால போறவனப் பாத்து அதுவே ஹாரன் அடிக்கணும்" என்றார்.

பிறகு ஜோடியைப் பற்றிச் சொன்னேன். "என் பேருதாம்ப்பா அவளுக்கும். அவ அப்பா பேரும் ஒங்க பேருதான். தூத்துக்குடி. லாரிதான் ஓட்டுறாங்களாம். அதிசயமா இல்ல?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை. "பேசுவீகளோ ரெண்டு பேரும்?" என்றார்.

"டெய்லி பேசுவோம்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போனார். மீனில் முள் அதிகம் என்றார். அயிலையில் முள் ஏது? அம்மா அடுப்பைப் பார்த்தபடி திரும்பாமல் நின்றாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை.


ஆகஸ்ட் 12

காலையில் அடிபம்பு பக்கத்தில் அப்பா விழுந்துவிட்டார். லேப்புக்கு வரவில்லை.


ஆகஸ்ட் 17

பெரியாஸ்பத்திரியில் இருந்துவிட்டு நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறோம். கஞ்சியைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக வாய் ஓரத்தில் விட வேண்டும். விட்டதில் பாதி வெளியே வரும். டாக்டர் அம்மாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அம்மா வெளியே வந்து, "நல்லா பாத்துக்கிடணும்னாரு" என்று மட்டும் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு எல்லாம் மருந்துச் சீட்டு எழுதித் தந்தார்கள். எங்களுக்கு எழுதவில்லை.

திட்டப்பணி இரண்டாம் பகுதியில், நிரல் சரியா என்று தளம் வைக்கும் ஐந்து சோதனைகளில் மூன்று பச்சை. மீதி இரண்டும் மறைவான சோதனைகள். எதை வைத்துச் சோதிக்கிறது என்று காட்டாது. தப்பு என்று மட்டும் சொல்லும்.


ஆகஸ்ட் 18

பச்சைக் கோடு ஓரிடத்திலேயே நின்று மினுக்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் ஓர் எழுத்தும் விழவில்லை. பிறகு:

# அம்மாளு, இருக்கியா

# இருக்கேன்

# எங்கப்பாவக் காணும். போன் அணைஞ்சி கெடக்கு. லைன்ல போனா டெய்லி பொழுதடையக் கூப்பிடுவாவ. ஒரு நாள் தவறாது

# சார்ஜ் போயிருக்கும் என்று எழுதினேன்.

# ஒரு வாரமாவா?

நான் கோப்பில் கீழே இறங்கி, விடுபட்ட அடைப்புக்குறி ஒன்றைச் சரிசெய்தேன்.


ஆகஸ்ட் 20

அவள் தன் பக்கத்தில் புதுப் படம் வைத்திருக்கிறாள். நாலு வயது இருக்கும். லாரி ஒன்றின் முன்னால் பம்பரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணாடிக்கு மேலே மஞ்சள் எழுத்தில் 'பேச்சி துணை' என்று இருக்கிறது. துணையில் 'ணை' பழைய எழுத்தில், யானைத் தும்பிக்கை போல வளைந்திருக்கிறது. இடது பக்க விளக்கைச் சுற்றித் தகடு நெளிந்திருக்கிறது.

படத்துக்குக் கீழே, "என் பேர் போட்ட லாரி" என்று எழுதியிருக்கிறாள்.

எங்கள் வீட்டுப் படம் அலமாரியில் இருக்கிறது. நானும் அப்பாவின் லாரி முன்னால்தான் நிற்பேன். அது என் பெயர் என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான் அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. லாரிக்குச் சாமி பெயர் வைப்பது வழக்கம். தும்பிக்கை வைத்த 'ணை' போடும் பெயின்டர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவள் படத்தில் நம்பர் பலகை படிக்க முடியாத அளவுக்குச் சிறிதாக இருக்கிறது. பெரிதாக்கினால் முழுதாகத் தெரியலாம்.

நான் பெரிதாக்கவில்லை.


ஆகஸ்ட் 21

அப்பாவுக்குப் படுக்கை மாற்றும்போது கேட்டேன். "அம்மா, அப்பா போன் எங்க?"

"எதுக்கு?"

"யாராவது கூப்பிட்டா."

"லாரி ஓனருகிட்டச் சொல்லியாச்சி. வேற யாரு கூப்பிடப் போறா?" பழைய சேலையைக் கிழித்து அப்பாவின் இடுப்புக்குக் கீழே மடித்து வைத்தாள். "வலது காலத் தூக்கு."

தூக்கினேன். அது என் கையில் விறகுபோல இருந்தது. போன் அம்மாவின் இடுப்பில், சேலைக்கொசுவத்தில் இருந்தது. குனிந்தபோது தெரிந்தது.


ஆகஸ்ட் 25

மேடம், மறைவான சோதனையில் ஒன்று பிடிபட்டுவிட்டது. பெயருக்கு முன்னாலோ பின்னாலோ கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தால், ஒரே பெயரைக்கூட வேறு வேறு என்று கணினி சொல்லிவிடுகிறது. அந்த இடைவெளியை உரித்துவிட்டு ஒப்பிட வேண்டும். உரித்தேன். பச்சை விழுந்தது.

அதை அவளிடம் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். அவள் நிரலைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"எங்கம்மை இன்னைக்கு ஓனரு ஷெட்டுக்குப் போச்சி. போய், எங்க வீட்டுக்காரவ எங்கன்னு கேட்ருக்கு. அந்தாளு மூஞ்சியப் பாக்காமச் சொல்லுதானாம், மேலுக்கு முடியாம அவன் வீட்டுலதான் கெடக்கான்னு."

நான் எட்டி முன்னறைக் கதவைச் சாத்தினேன்.

"எந்த வீட்டுலட்டி? அப்ப நாங்க இருக்கது என்ன, சத்திரமா? எங்கம்மை அங்கனயே உக்காந்துட்டு. ஆட்டோ புடிச்சிக் கூட்டியாந்தேன். வந்ததுல இருந்து உப்பு அள்ளப் போவல, சோறு திங்கல. போனையே பாத்துக்கிட்டு இருக்கு."

"ம்."

"ஒன்னு கேக்கட்டா?"

"ம்."

"ஒங்கப்பா எங்க இருக்காவ இப்ப?"

முன்னறையில் அப்பாவின் தொண்டையில் சளி கொரகொரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. மைக் அந்தச் சத்தத்தை எடுக்குமோ என்று பயந்தேன். லைனுக்குப் போயிருக்கார் என்றேன்.

"எப்ப வருவாவ?"

தெரியாது என்றேன். இது மட்டும் உண்மை.

அவள் அழைப்பை வெட்டவில்லை. நானாக வெட்டினேன்.


ஆகஸ்ட் 27

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தூத்துக்குடியில் ஒருத்தி தேடிக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

தீக்குச்சி மருந்துக் கறை போக நகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "நான் வரும்போதே அவ இருந்தா, அம்மாளு. அவ வயித்துல பிள்ளையும் இருந்திச்சி. எனக்கு அது பொறவுதான் தெரியும். தெரிஞ்சப்ப என் வயித்துல நீ இருந்த."

"அவங்களுக்கு ஒன்னயத் தெரியுமா?"

"தெரியாது. எனக்குத் தெரியும்கிறதே ஒங்கப்பாவுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்."

"சொல்லிருவம்மா. வந்து பாத்துட்டுப் போகட்டும்."

"பாத்துட்டா போவாக?" அம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "தூக்கிட்டுப் போயிருவாக. அவளுக்குத் தாலி கட்டுன போட்டோ இருக்கு. பந்தல் போட்டு, நாலு பேரு வந்து தின்னுட்டுப் போன கல்யாணம். எங்கிட்ட என்ன இருக்கு? இந்தா, இந்தக் கட்டில் இருக்கு. மூத்திரத் துணி இருக்கு. இத அலசுறதுக்கு நான் பொஞ்சாதி. நாளைக்கு நாலு பேரு முன்னால அழுகுறதுக்கு நான் யாரு? நீ யாருன்னு கேப்பான்ல, எந்திரிச்சி அந்தப் பக்கம் போன்னு சொல்லுவான்ல?"

தெருவில் எல்லாருக்கும் அம்மா, லாரிக்காரர் வீட்டம்மாதான். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

வீட்டில் கல்யாணப் படம் ஏன் இல்லை என்று சின்ன வயதில் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். வெள்ளத்தில் போய்விட்டது என்றாள். எங்கள் தெருவுக்கு வெள்ளம் வந்ததே இல்லை.

என் பெயருக்குப் பின்னால் 2 ஏன் வந்தது என்றால், நான் தளத்துக்குள் இரண்டாவதாக வந்தேன், அதனால்.


ஆகஸ்ட் 29

அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். என் போனில் அந்தப் படத்தைத் திறந்து அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவரால் இடது கையை மட்டும் கொஞ்சம் தூக்க முடியும். தூக்கினார். விரல்கள் நடுங்கிக்கொண்டே வந்து அவள் முகத்தில் பட்டன. இரண்டு விரல் பட்டதும் படம் பெரிதாகிவிட்டது. நம்பர் பலகை முழுதாகத் தெரிந்தது.

அப்பா நம்பரைப் பார்க்கவில்லை. பெரிதான முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் ஓரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைத்துவிட்டேன்.

"வரச் சொல்லவாப்பா?" என்றேன்.

வாய் கோணிக்கொண்டு திறந்தது. சத்தம் வந்தது. அது சரியா, வேண்டாமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. மறுபடி கேட்பதற்குள் வாசலில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது.


ஆகஸ்ட் 31

திட்டப்பணியைச் சமர்ப்பிக்க நாளை மறுநாள் கடைசி. மறைவான சோதனையில் இன்னும் ஒன்று சிவப்பு.

பச்சைக் கோடு வரவில்லை.

மேடம், நீங்கள் இதில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. நீங்கள் திறந்து படித்து, அவள் கல்லூரிக்கு போன் செய்து, அவளை அழைத்துச் சொல்லி, எல்லாம் உங்கள் மூலமாக நடந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அப்படி நடந்திருந்தால் அம்மாவிடம், நான் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம்.


செப்டம்பர் 1

இது மேடத்துக்கு இல்லை.

அக்கா,

நம்முடைய பொதுக் கோப்பில், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் # போட்டு எழுதுகிறேன். கணினி படிக்காது. நீ படி. இதற்கு மேலே, மேடத்துக்கு என்று நான் எழுதிவந்த குறிப்புகளையும் ஒட்டியிருக்கிறேன். முதலில் இதைப் படி. அதையெல்லாம் பஸ்ஸில் வரும்போது படித்துக்கொள்ளலாம். படித்த பிறகு என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். அன்றைக்கு நீ கேட்டபோது அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார்.

அப்பா இன்று விடிந்ததும் போய்விட்டார். அம்மா நெற்றியில் ஈரத் துணியைப் போட்டுவிட்டு, கஞ்சி ஆற்றப் போனாள். திரும்பி வருவதற்குள் போய்விட்டார். சிரமப்படவில்லை. உன் அம்மாவிடம் அதைச் சொல். படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லாமல்தான் வைத்திருந்தோம். அதையும் சொல்.

உன் படத்தைப் பார்த்தார். உன் முகத்தைத் தொட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

ஐஸ் பெட்டி வந்துவிட்டது. தெருவில் பந்தல் போடுகிறார்கள். கொட்டுக்காரர்கள் வந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். எடுப்பது சாயங்காலம் நாலு மணிக்கு என்று என் தாய்மாமா சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அடுப்படியில் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது எட்டிப் பார்த்தால், பிள்ளை பாவம், பரீட்சை போலிருக்கு என்று போய்விடுகிறார்கள்.

கோவில்பட்டி பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ரயில்வே கேட்டைத் தாண்டி, தீப்பெட்டி ஆபீஸ் தெரு எது என்று கேளுங்கள். லாரிக்கார வீடு என்றால் சொல்வார்கள். கொட்டுச் சத்தமும் கேட்கும். என் போன் நம்பரைக் கடைசி வரியில் போட்டிருக்கிறேன். அடித்தால் எடுப்பேன், இனி லைனில் இருக்கிறார் என்று சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு நான் எழுதுவது தெரியாது. தெரிந்தால் என் முகத்தைப் பார்ப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வந்து இறங்கினால் தெரு முழுக்கக் கூடும். யார் இவங்க என்று கேட்பார்கள். நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லுங்கள். உங்கள் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் கொண்டுபோங்கள், மாமாவிடம் நான் பேசுகிறேன். வாய் வராதுதான், ஆனால் பேசுவேன். உன் அம்மா அழட்டும், திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும். அவர்களுக்கு உண்டு அது.

திட்டப்பணியில் கடைசிச் சோதனை சிவப்பாகவே இருக்கிறது. அதை விட்டுவிடு.

நான் கேட்க நினைத்ததை இன்னும் கேட்கவில்லை.

அம்மா இப்போது ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் பாயில் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடியில் ஆவி படியப் படிய முந்தானையால் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அது அகலமான பாய். இன்னொருவர் தாராளமாக உட்காரலாம். உன் அம்மா வந்து அந்தப் பக்கம் உட்காரட்டும். நீ எனக்கு அக்கா, நீ சொன்னால் அவர்கள் கேட்பார்கள்.

எங்கம்மாவை மட்டும் எந்திரிக்கச் சொல்லிராதீங்க.